செரே போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதத்தில் நானும் கணவரும் அத்தையும், அதாவது என் மாமியாரும், தென் பிரான்சில் செரே என்ற சின்ன ஊரில் எட்டு நாள் தங்கிவிட்டு வந்தோம். படங்களைப் பார்த்த சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் அன்றிலிருந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

செரே எங்கே இருக்கிறது?

பிரான்சின் தெற்குக் கோடியில், ஸ்பெயின் எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில். பெர்பிஞான் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். பின்னால் பிரனீஸ் மலை. கிழக்கே காரில் அரை மணி நேரம் போனால் மத்தியதரைக் கடல். மலையிலிருந்து இறங்கும் தெக் ஆறு ஊரை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு வல்லஸ்பீர் என்று பெயர். மக்கள்தொகை 8 ஆயிரத்தை ஒட்டித்தான். நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம். அவர்கள் கணக்கில் துணை ஆட்சியர் அலுவலகம் உள்ள முக்கியமான ஊர்.

பிரெஞ்சில் எழுதும்போது பெயரின் கடைசியில் ஒரு 'ட்' உண்டு, வாயில் வராது. கட்டலான் மொழி பேசுகிறவர்கள் மட்டும் அதை உச்சரிக்கிறார்கள். ஊரில் விளைவதோ செர்ரிப் பழம். இந்தக் குழப்பமெல்லாம் எதற்கு என்று அத்தை எட்டு நாளும் 'செர்ரி ஊர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் புரியாமல் போகவில்லை.

கடற்கரையிலேயே தங்காமல் இவ்வளவு உள்ளே எதற்கு?

கடலோர ஊர்கள் ஜூலை, ஆகஸ்டில் திருவிழாக் கூட்டம், குளிர்காலத்தில் பாதி வீடுகள் பூட்டு. இரண்டுமே வெளியூர்க்காரர்களை நம்பி இருப்பதால் வருவது. செரேயில் பள்ளிக்கூடம், அலுவலகங்கள், தோட்டக்காரர்கள் என்று வருஷம் முழுவதும் ஆள் நடமாட்டம் உண்டு. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஊர் தன் பாட்டுக்கு நடக்கும். எங்களுக்கு அதுதான் பிடித்தது. தினமும் கடலில் குளிக்க வேண்டும் என்பவர்கள் ஆர்ஜெலெஸ் பக்கம் தங்குவதே சரி.

ஒரே நாளில் பார்த்துவிட முடியாதா?

முடியும். ஆனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள்.

காலையில் பெர்பிஞானிலிருந்து கிளம்பிப் பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் சுற்றுவதற்குள் பன்னிரண்டரை. கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தும். பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம் என்று நிதானமாக நடந்தால், இரண்டு மணிக்கு உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதற்கு மேல் கெஞ்சினாலும் காப்பிதான். இரண்டிலிருந்து நான்கு வரை தெருவில் ஆளே இருக்காது. மரச் சன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடக்கும். நான்கரை பஸ்ஸைப் பிடித்துப் போய், 'செத்த ஊர்' என்று எழுதுவார்கள். அப்படி எழுதியதை நானே படித்திருக்கிறேன்.

ஊருக்கு உயிர் இருப்பது காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, அப்புறம் மாலை ஐந்துக்கு மேல். அதாவது உள்ளூரில் தூங்கி எழுகிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். மூன்று இரவாவது தங்குங்கள். அதில் ஒன்று வெள்ளி இரவாக இருக்கட்டும், சனிக்கிழமைச் சந்தைக்காக. மத்தியானம் அவர்கள் செய்வதையே செய்யுங்கள்: சாப்பிட்டுச் சன்னலைச் சாத்திப் படுங்கள். நம் ஊர்களில் ஒரு காலத்தில் எல்லோரும் செய்ததுதானே.

எந்தக் கிழமையில் போய் இறங்கக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை. சொந்த அனுபவம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பெர்பிஞானில் இறங்கினோம். அன்றைக்கு பஸ் மிகக் குறைவு. அடுத்ததற்கு வெகு நேரம் இருந்தது. டாக்சிக்குக் கொட்டிக் கொடுத்துப் போய்ச் சேர்ந்தால் மளிகைக் கடை மூடியிருக்கிறது, ரொட்டிக் கடை மூடியிருக்கிறது. வாடகைக்கு எடுத்த வீட்டில் அடுப்பு இருந்தது, சட்டி இருந்தது, உப்பும் மிளகும் இருந்தன. சமைக்க ஒன்றும் இல்லை. அத்தையின் பையில் இருந்த முறுக்கும், ரயிலில் தின்னாமல் வைத்திருந்த இரண்டு ஆப்பிளும்தான் இரவுச் சாப்பாடு. "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

திங்கட்கிழமையும் பல கடைகள் திறப்பதில்லை. செவ்வாய் அல்லது புதன் வந்து இறங்குவது உத்தமம்.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்து இரண்டு வழி. பாரிஸ் போய் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் பெர்பிஞான். அல்லது வளைகுடா வழியாகப் பார்சிலோனா போய், அங்கிருந்து ரயில். அது பிரனீஸ் மலைக்கு அடியில் 8 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்துக்குள் பெர்பிஞானில் விட்டுவிடும். நாங்கள் பார்சிலோனா வழியாகத்தான் போனோம். தூரமும் குறைவு, அலைச்சலும் குறைவு.

பெர்பிஞான் ரயில் நிலையத்தைத்தான் ஓவியர் சல்வதோர் டாலி பிரபஞ்சத்தின் மையம் என்று அறிவித்தார். 1965-இல் அதைப் பெரிய ஓவியமாகவும் தீட்டினார். நான் இதை ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை, "அதெல்லாம் இருக்கட்டும், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார்.

செரேக்குப் பயணிகள் ரயில் கிடையாது. பெர்பிஞானிலிருந்து மாநிலப் பேருந்து இருக்கிறது; லியோ என்று பக்கத்தில் எழுதியிருக்கும். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். டாக்சியோடு ஒப்பிட்டால் டிக்கெட் ஒன்றுமே இல்லை.

விசா?

ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ், ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் நேரம் கிடைப்பதற்கே பல வாரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பார்சிலோனாவில் இறங்கினாலும், அதிக நாள் தங்குவது பிரான்ஸ் என்றால் பிரான்சிடம்தான் விசா கேட்க வேண்டும். இறங்கும் நாட்டைப் பார்க்கும் விதி, எல்லா நாடுகளிலும் சம நாள் தங்கும்போது மட்டும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை. அடுத்தது செப்டம்பர். மார்ச்சில் செர்ரி பூக்கும், பிப்ரவரியில் மிமோசா மரங்கள் மஞ்சளாய் நிற்கும். ஆனால் அப்போது குளிர் நம் எலும்புக்கு ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வீடுகளில் ஏசி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அந்தச் செர்ரி அவ்வளவு விசேஷமா?

பிரான்சில் ஒவ்வொரு ஆண்டும் முதலில் பழுப்பது இந்த ஊர்ச் செர்ரிதான், ஏப்ரல் நடுவிலேயே. குளிர்ந்த வடகாற்றை மலை தடுத்துவிடுகிறது, கடலின் இளஞ்சூடு பள்ளத்தாக்கு வழியாக உள்ளே வருகிறது, அதுதான் காரணம். முதல் பறிப்பில் ஒரு பெட்டி பிரான்ஸ் அதிபருக்குப் போவது பழைய வழக்கம். ஆரம்பத்தில் விலை யானை விலை, குதிரை விலை. மே நடுவில் இறங்கிவிடும். மே கடைசியை ஒட்டிச் செர்ரித் திருவிழாவும் உண்டு.

சந்தையில் ஒரு பாட்டி தட்டு மேஜையில் மூன்று கூடை வைத்திருந்தார். நான் பெரிதாக, பளபளவென்று இருந்ததைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஓரத்துக் கூடையிலிருந்து கருஞ்சிவப்பாக இருந்த ஒன்றை எடுத்து, காம்பைப் பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினார். பல் பட்டதும் தோல் வெடித்தது. இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு புளிப்பு, கொட்டையை ஒட்டிக் கொஞ்சம் துவர்ப்பு. நாவல் பழம் தின்ற நாக்குக்கு அந்தத் துவர்ப்பு உடனே பிடிபடும். அரைக் கிலோ கேட்டேன். ஒரு கிலோ போட்டுவிட்டு அரைக் கிலோவுக்குத்தான் காசு வாங்கினார் என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. சரியாக அரைக் கிலோ, ஒரு பழம் கூட இல்லை.

சந்தையில் வேறு என்ன?

சனிக்கிழமை காலை, பழைய ஊரைச் சுற்றி நிற்கும் பெரிய பிளேன் மரங்களின் அடியில். எட்டரைக்குப் போனால் நடக்க இடம் இருக்கும், பத்தரைக்குத் தோளோடு தோள் இடிக்கும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஆலிவ், தேன், மலைப்பக்கத்துத் தொத்திறைச்சி, கூடை முடைகிறவர்கள், செருப்புக்காரர்கள் என்று எல்லாம் உண்டு. பேரம் கிடையாது. பழத்தை நீங்களே தொட்டுப் பொறுக்குவதும் கூடாது. இந்த இரண்டையும் அத்தைக்குப் புரியவைப்பது பெரும்பாடு.

பிக்காசோவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

1911 கோடையில் வந்தார். கட்டலான் சிற்பி மனோலோ அதற்கு முன்பே இங்கே குடியேறியிருந்தார். அவரைச் சாக்கிட்டு வந்த கூட்டம் அது. ஆகஸ்டில் ஓவியர் ஜார்ஜ் பிராக்கும் வந்து சேர, இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தீட்டினார்கள். அந்தக் காலத்து ஓவியங்களில் எது யாருடையது என்று சொல்வது கஷ்டம், அவ்வளவு ஒட்டி வேலை செய்தார்கள். பொருளைத் துண்டு துண்டாக உடைத்து, பல பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் காட்டும் கியூபிசம் முற்றியது இங்கேதான். செரேயைக் கியூபிசத்தின் மெக்கா என்று சொல்வது அதனால்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று. அந்தக் கோடையில் இங்கே அவர் தீட்டிய 'அக்கார்டியன் வாசிப்பவர்' இப்போது நியூயார்க்கில் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பு அதை வைத்திருந்த ஒருவர் அது ஒரு நிலக்காட்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். படத்தின் பின்பக்கம் 'செரே' என்று எழுதியிருந்ததுதான் காரணம்! படத்தைப் பார்த்தால் அவர் மேல் குற்றமில்லை.

அதே ஆகஸ்ட் 21 அன்று பாரிஸ் லூவரிலிருந்து மோனாலிசா திருடு போனது. அதே லூவரிலிருந்து முன்பு களவு போன இரண்டு பழைய சிலைகள் பிக்காசோவிடம் வந்து சேர்ந்திருந்தன. அந்த விஷயம் பத்திரிகையில் வெளியானதும் மனிதர் அரக்கப் பரக்க மூட்டை கட்டிக்கொண்டு பாரிசுக்கு ஓடினார். 1912-லும் 1913-லும் திரும்ப வந்தார். 1913 மே மாதத்தில் அவருடைய அப்பா பார்சிலோனாவில் இறந்தபோது அவர் செரேயில்தான் இருந்தார்.

அவருக்குப் பிறகு ஹுவான் கிரிஸ், முதல் உலகப் போருக்குப் பின் சூத்தீன், அப்புறம் ஷகால். இவர்களில் சூத்தீன் என்னை உலுக்கிவிட்டார். 1919-லிருந்து 1922 வரை இங்கே கிடந்து, வீடுகளும் மரங்களும் புயலில் சுழல்வது போல வரைந்து தள்ளினார். சாப்பாட்டுக்கே வழியில்லாத மனிதர். பிலடெல்பியாவைச் சேர்ந்த பார்ன்ஸ் என்ற பணக்காரர் அவருடைய படங்களை ஐம்பதுக்கு மேல் ஒரே மூச்சில் வாங்கிப் போனார். பிற்பாடு சூத்தீனுக்குச் செரே காலத்துப் படங்களே பிடிக்காமல் போய், கையில் கிடைத்ததையெல்லாம் அழித்தார்.

அருங்காட்சியகம் சின்ன ஊர் அளவுக்குத்தான் இருக்குமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நவீனக் கலை அருங்காட்சியகம் 1950-இல் திறந்தது. பியேர் புரூன் என்ற ஓவியர் நண்பர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். ஓவியர் மத்தீஸ், பக்கத்துக் கடலோர ஊரான கொலியூரில் வரைந்த கோட்டோவியங்களைக் கொடுத்தார். பிக்காசோ 1953-இல், காளைச் சண்டைக் காட்சிகள் தீட்டிய 28 சிறு மண் கிண்ணங்களைக் கொடுத்தார். கட்டடத்தை விரிவாக்கி 2022-இல் மறுபடி திறந்தார்கள். உள்ளே வெளிச்சமும் குளிர்ச்சியும். உட்கார இடமும் உண்டு.

அந்தக் கிண்ணங்களுக்கே தனியாக அரை மணி நேரம் வையுங்கள். சின்னச் சின்னக் கிண்ணங்கள்தான். கிண்ணத்தின் வளைவே மைதானத்தின் வட்டமாகிவிடுகிறது. உள்சுவரில் கூட்டம் வெறும் புள்ளிகள், நடுவில் நாலு கோட்டில் காளை. சீசன் இல்லாத மாதங்களில் திங்கட்கிழமை திறப்பதில்லை.

பிசாசுப் பாலம் என்கிறார்களே?

ஊரிலிருந்து பதினைந்து, இருபது நிமிட நடை. 14-ஆம் நூற்றாண்டில், 1321-இல் தொடங்கிக் கட்டிய கல் பாலம். தெக் ஆற்றைத் தூணே இல்லாமல் ஒரே வளைவில் தாண்டுகிறது: வளைவின் நீளம் 45 மீட்டர், உயரம் இருபது மீட்டருக்கு மேல். ஒரே இரவில் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்று பிசாசு பேரம் பேசியதாம். ஊரார் ஒரு கறுப்புப் பூனையை விரட்டிவிட்டார்களாம். பிசாசு மிரண்டு ஓடியதில் கடைசிக் கல் ஒன்று வைக்காமலே நின்றுபோனது என்கிறார்கள். எந்தக் கல் என்று கணவர் கால் மணி நேரம் தேடினார்.

மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் ரயிலுக்காகக் கட்டிய பாலமும் சாலைப் பாலமும் தெரியும். மறு பக்கம் பார்த்தால் 2,784 மீட்டர் உயரக் கனிகூ சிகரம். மே மாதத்திலும் உச்சியில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. கல் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

ஊருக்குள் தவறவிடக் கூடாத இடம் எது?

ஒன்பது தாரை நீரூற்று. பழைய ஊரின் நடுவே சின்னச் சதுக்கத்தில், பளிங்கில் செய்தது; அதுவும் 14-ஆம் நூற்றாண்டு. உச்சியில் ஒரு சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அது காஸ்டீல் அரசின், அதாவது ஸ்பெயினின் சின்னம். 1659-இல் பிரனீஸ் உடன்படிக்கையால் இந்தப் பகுதி பிரான்சுக்குப் போனது. எல்லையை எப்படிப் போடுவது என்று அடுத்த ஆண்டு தூதர்கள் கூடிப் பேசியதும் செரேயில்தான். அதற்குப் பிறகு சிங்கத்தின் முகத்தை ஸ்பெயின் பக்கத்திலிருந்து பிரான்ஸ் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. கீழே லத்தீனில் எழுதியும் வைத்தார்கள்: வாருங்கள் செரே மக்களே, சிங்கம் சேவலாகிவிட்டது. லத்தீனில் சேவலுக்கும் பிரான்சுக்காரனுக்கும் ஒரே சொல், சிலேடை.

மாலையில் அந்த நீரூற்றைச் சுற்றி உள்ளூர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் அத்தையும் அங்கே ஒருவராக உட்கார்ந்திருந்தார். ஒரு மூதாட்டி அவருடைய சேலை முந்தானையைப் பிடித்துப் பார்த்து ஏதோ கேட்க, இவர் "காஞ்சிபுரம் இல்லை, சும்மா பருத்தி" என்று தமிழில் பதில் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தையும் பாருங்கள். பக்கத்துக் கடலோர ஊரான பன்யூல்ஸில் பிறந்த சிற்பி மயோல் செய்தது. துப்பாக்கியும் இல்லை, கொடியும் இல்லை. துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

சைவர்களுக்குச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், விசாரித்துச் சாப்பிட்டால். கத்தரிக்காய், குடமிளகாய், வெங்காயத்தைச் சுட்டுத் தோலுரித்து ஆலிவ் எண்ணெயில் போடும் எஸ்கலிவாத் நம் சுட்ட கத்தரிக்காய் கொத்சுக்கு ஒன்றுவிட்ட உறவு, புளியும் மிளகாயும் மட்டும் இல்லை. ஆனால் கொலியூர் நெத்திலி பேர்போனது. சொல்லாவிட்டால் எஸ்கலிவாத்தின் மேலே இரண்டு நெத்திலியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். சைவம் என்று சொன்னால் மீன் சாப்பிடுவார்கள் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 'சான் வியாந்த், சான் புவாஸோன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்: கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம்.

சுட்ட ரொட்டியில் பாதித் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, உப்புத் தூவித் தருவது காலைக்குப் போதும். முட்டை, பால் சாப்பிடுகிறவர்கள் மேலே சர்க்கரை கருக்கிய கட்டலான் கிரீமை விடாதீர்கள். அசைவக்காரர்களுக்குத் திராட்சைச் சுள்ளியில் சுட்ட நத்தை இந்தப் பக்கத்து விருந்து. கணவர் ஆறு தின்றார். நான் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

என் யோசனை, அடுப்பு உள்ள வீடாக எடுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கடைகளில் உண்டு. சாம்பார்ப் பொடியும் பெருங்காயமும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். கொத்துமல்லிக்கு ஏங்கினால் பெர்பிஞானில் கசான் சதுக்கச் சந்தைக்குப் போங்கள். வட ஆப்பிரிக்கக்காரர்கள் கடை போடும் இடம், கொத்துமல்லியும் புதினாவும் கட்டுக் கட்டாகக் கிடக்கும்.

பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். ஒரு சொல் மட்டும் தெரிந்தே ஆக வேண்டும்: போன்ஜூர். கடைக்குள் நுழைந்ததும் முதலில் அது. விலை கேட்பது அப்புறம். சொல்லாமல் நேரே கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நம் வீட்டுக்கு வந்தவர் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்காமல் நேரே அடுப்படிக்குள் நுழைந்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான். தெருப் பலகைகளில் பிரெஞ்சோடு கட்டலானும் இருக்கும்.

கட்டலான் நடனம் பார்க்க முடியுமா?

சர்தானா. கை கோத்து வட்டமாக நின்று ஆடுவார்கள். யார் வேண்டுமானாலும் நடுவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கோடையில் அடிக்கடி நடக்கும், ஜூலையில் பெரிய விழாவும் உண்டு. வாத்தியக் குழுவுக்குக் கோப்லா என்று பெயர், பதினொரு பேர். அதில் தெனோரா என்ற குழல் இருக்கிறதே, அதைக் கேட்டதும் திடுக்கிட்டேன். இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. நாதசுரத்தின் அதே குடும்பம், திறந்தவெளிக்கென்றே பிறந்த அதே உரத்த குரல். இன்றைய வடிவத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கியவர் பெர்பிஞானைச் சேர்ந்த ஆந்த்ரெயு தொரோன்.

காளைச் சண்டை நடக்குமாமே?

ஆமாம், ஜூலை 14-ஐ ஒட்டி. ஜல்லிக்கட்டு மாதிரி என்று நினைத்துக் குழந்தைகளை அழைத்துப் போய்விடாதீர்கள். இங்கே காளையைக் கொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அமைதியைத் தேடி வருகிறவர்களும் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது, தெருவெல்லாம் கூட்டம்.

ஒரு நாள் கடலுக்குப் போய்வர?

கொலியூர். கார் இல்லையென்றால் பெர்பிஞான் போய், அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள். 1905 கோடையில் மத்தீஸும் தெரெயினும் இங்கே உட்கார்ந்து, கண்ணில் பட்ட நிறத்தை விட்டுவிட்டு மனதில் பட்ட நிறத்தைப் பூசினார்கள். துறைமுகத்தை ஒட்டிய தேவாலயத்தின் மணிக்கூண்டு ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்தது. ஊர்க் கல்லறையில் ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் சமாதி இருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் படையிடமிருந்து தப்பி வந்தவர், 1939 பிப்ரவரி 22 அன்று இங்கே இறந்தார். சமாதிக்குப் பக்கத்தில் ஒரு தபால் பெட்டி உண்டு. இன்றைக்கும் அவருக்குக் கடிதம் எழுதிப் போடுகிறார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவரைப் போல நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஸ்பெயினிலிருந்து இந்த மலைகளைக் கடந்து வந்தார்கள். இன்று குடை விரித்துப் படுத்திருக்கும் ஆர்ஜெலெஸ் மணலில்தான் முள்கம்பி போட்டு அவர்களை அடைத்து வைத்தார்கள். வழியில் எல்ன் என்ற ஊர் வரும். எலிசபெத் ஐடன்பென்ஸ் என்ற இளம் சுவிஸ் ஆசிரியை அங்கே ஒரு மாளிகையில் பிரசவ விடுதி நடத்தினார். முகாம்களிலிருந்து கர்ப்பிணிகளை அழைத்து வந்தார். 1939-க்கும் 1944-க்கும் இடையில் அங்கே 597 குழந்தைகள் பிறந்தன. உள்ளே போய்ப் பார்க்கலாம். அன்றைய நாளில் எங்களுக்குக் கடலைவிட அந்த மொட்டை மாடிதான் நினைவில் நின்றது. துணித் தொட்டில்களை வரிசையாக வெயிலில் வைத்த இடம்.

ஸ்பெயினுக்குள் போய்வரலாமா?

தாராளமாக. ஷெங்கன் விசாவே போதும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், எல்லையில் சில சமயம் பார்க்கிறார்கள். ஃபிகேரஸில் டாலி அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள்.

கார் வேண்டுமா?

ஊருக்குள் வேண்டாம். மலைக் கிராமங்களைப் பார்க்க இரண்டு நாள் எடுத்தால் போதும்.

வயதானவர்களால் நடக்க முடியுமா?

பழைய ஊர் சின்னது. மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். மரத்தடியில் பெஞ்சுகள் உண்டு. அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி. பாலத்தைத் தவிர எங்கேயும் சிரமப்படவில்லை. வாடகை வீடு எடுக்கும்போது எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் சுழல் படிக்கட்டுதான்.

வானிலையில் பயப்பட ஏதாவது?

திரமொந்தான் என்ற வடமேற்குக் காற்று. வானம் நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். பெர்பிஞானிலும் கடலோரத்திலும் வேகம் அதிகம்; செரேயில் கொஞ்சம் தணிந்திருக்கும். ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட் வேண்டும். கோடையில் காட்டுத் தீ அபாயம் உள்ள நாட்களில் மலைப் பாதைகளை மூடிவிடுவார்கள். காலையில் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்?

மேலே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சுடன் வளையமாக இருக்கும் ரூஸ்கியே பிஸ்கட், எலுமிச்சை மணக்கும். ஒரு வாரம் தாங்கியது. பக்கத்து மலையூரான சான்-லோரான்-தெ-செர்தானில் தைக்கும் சணல் அடிப் பாதமுள்ள துணிச் செருப்பு. பட்டை பட்டையாக நிறம் ஓடும் கட்டலான் மேஜைத் துணி.

செர்ரி வேண்டாம். நாங்கள் ஒரு கிலோ வாங்கி, நசுங்காமல் இருக்கட்டும் என்று கணவரின் சட்டைகளுக்கு நடுவில் வைத்தோம். பார்சிலோனாவில் பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்று சட்டையிலும் பூப்போட்டிருந்தது. அத்தை அதில் ஒன்றைத் துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு, இப்போது வெள்ளி விளக்குத் துடைக்க வைத்துக்கொண்டிருக்கிறார்.